ஆம்ப்ரோசுக்குப் பதினெட்டு மார்க்

எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி. இடது கை மட்டும் கொஞ்சம் ஆடும். மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில், ஜன்னலோரம் கிடக்கிறது. நாற்காலியில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் தி. நகர் ஜவுளிக் கடையில் ஒன்பது வருஷம் நின்றதில்லை என்று அர்த்தம்.

நான் நின்றேன். நடுவில் ஒரு நாள், கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. சட்டத்தின் பின்னாலேயே ஸ்டூலும் வந்தது. ஸ்டூல் மேல் துணிக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். எட்டாவது வருஷம் என் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டுகொண்டு நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கற வேலைய விட்டுடும்மா, இல்லன்னா ஆபரேஷன்தான்" என்றார். நிற்காத வேலை எங்கே கிடைக்கும் என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்படியில் உட்கார்ந்து ஃபோனில் கேம் ஆடுவேன். ஊர் கட்டுகிற கேம். ஒரு நாள் சாந்தோமிலிருந்து அல்போன்சா டீச்சர் மாதாகோயில் திருவிழாவுக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். அவர் நாற்பதாவது புடவையைப் பிரிக்கச் சொன்னதும், கூட வந்த மகன் ஜெஃப்ரி தப்பித்து ஓடிவந்து நான் உட்கார்ந்திருந்த படியில் நின்றான். என் ஃபோனை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்த ஊரு எத்தினி நாளா ஓடுது?"

"ரெண்டு வருசமா. இன்னா இப்போ?"

"ஒருத்தர் கூடவா சாவல?"

"ஏன் சாவணும்? நான்தான் பாத்துக்கினு கீறேன்ல."

அவன் படம் வரைகிறவன். அவனும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து இப்படி ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள், விளையாடிப் பார்த்து எங்கே கோளாறு என்று எழுதித் தர ஆள் வேண்டும் என்றான். நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"உக்காந்து பாக்கற வேலையா?"

என் வீட்டுக்காரர் தணிகாசலம் நம்பவில்லை. "கேம் ஆட சம்பளமா? எவனோ உன்ன டபாய்க்கிறான்" என்றார். இரண்டு நாள் பெரும்பாக்கத்திலிருந்து என்கூட பஸ்ஸில் வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அப்புறம்தான் அவர் மனம் அடங்கியது.

அந்த இன்னொரு பெண் வைதேகி. நேரில் மேடம் என்பேன், மனசுக்குள் வைதேகிதான்; என்னைவிட ஆறு வயசு சின்னவள். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, கீழே குடியிருக்கும் அப்பா அம்மாவிடம் ஒரு வருஷம் தவணை கேட்டு, மாடியில் இந்த ஆபீசைப் போட்டிருந்தாள். அவள் படத்தைப் பார்ப்பதே இல்லை. எந்நேரமும் எண்கள்தான். அவளுக்குப் பசிப்பதையே ஒரு எண் சொன்னால்தான் ஒத்துக்கொள்வாள் போலிருக்கும்.

கேமின் பெயர் கரையூர். ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் படகில் வந்து இறங்கி, ஆற்றங்கரையில் புது ஊர் போடுகிறார்கள். இறங்கும்போதே ஏழு திறமைகளுக்கு மார்க்கோடு வருவார்கள்: பயிர், சமையல், வைத்தியம், கட்டடம், மீன்பிடி, நெசவு, காவல். ஒவ்வொன்றும் இருபதுக்கு. எதில் மார்க் அதிகமோ அதுதான் தொழில். கிச்சா என்று ஒருவர். வைத்தியம் பதினான்கு, சமையல் பதின்மூன்று. ஒரே ஒரு மார்க் வித்தியாசத்தில் டாக்டராகிவிட்டார். ஊரே பசியில் கிடந்தாலும் கரண்டியைத் தொடமாட்டார். ருக்சார் சமையல் பதினேழு, இனாயத் பயிர் பதினாறு. இவர்களெல்லாம் மார்க்கெடுத்த மகராசர்கள்.

ஆம்ப்ரோஸ் மட்டும் வேறு ரகம். எல்லாவற்றிலும் இரண்டு, மூன்று. மீன்பிடியில் நான்கு. ஆகவே சட்டப்படி அவர் மீனவர். நாள் பூராவும் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்; வாரத்துக்கு ஒரு கெளுத்தி மாட்டும். ஜெஃப்ரி அவருக்குத் தன் தாய்மாமன் முகத்தை வைத்திருந்தான். எனக்கு ஊரிலேயே பிடித்த ஆள் அவர்தான். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்று மாதம் தினமும் விளையாடினேன். சாயங்காலம் ரிப்போர்ட் எழுதுவேன். 'ஊர் ஆறு வருஷம் ஓடியது. யாரும் சாகவில்லை. மாட்டுக்கு வால் தெரியவில்லை.' ஜெஃப்ரி வாலை வரைவான். வைதேகி தலையாட்டுவாள். நடுவில் தண்ணீர் கேன் தீர்ந்தால் புதுக் கேனை நான் தூக்கிக் கவிழ்ப்பேன். நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பெங்களூரிலிருந்து ஜெயராம் என்று ஒருவர் பேசினார். கேம்களை வாங்கி வெளியிடுகிற கம்பெனிக்காரர். அடுத்த மாதம் ஒரு பெரிய கண்காட்சியில் கரையூரை ஸ்டாலில் ஓடவிடத் தயார் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஸ்டாலில் யாரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். யாரும் தொடாமல் ஊர் தானாக ஒரு வருஷம் பிழைக்க வேண்டும். கேமில் ஒரு வருஷம் என்பது நாற்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் நேராகப் பார்ப்பார்.

"இது ஒண்ணுமேயில்ல" என்றாள் வைதேகி. செவ்வாய்க்கிழமை காலை, மூன்று பேரும் மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

மூன்றாவது மாதம் ஊர் செத்துப்போனது. பட்டினி. முதலில் போனது சமையல்காரி ருக்சார், அடுப்புக்குப் பக்கத்திலேயே. கிச்சா கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக் குடிசையில் கம்பீரமாக நின்றுகொண்டு செத்தார்.

வைதேகி எண்களைப் பார்த்தாள். விளைச்சல் நன்றாக இருந்தது. களஞ்சியத்தில் மட்டும் ஒன்றுமில்லை. எலி தின்கிறது என்று முடிவு கட்டி எலிகளைக் குறைத்தாள். செத்தார்கள். விவசாயி போதவில்லை என்று மூன்று பேரை ஏற்றினாள். இன்னும் பத்து நாள் முன்னாலேயே செத்தார்கள். சாயங்காலத்துக்குள் கரையூரில் ஏழு தடவை எழவு விழுந்தது.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பொன்மணி, உங்க ரிப்போர்ட்ல ஆறு வருஷம் ஓடிச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, தினமும். எப்படி?"

"ஓடிச்சே மேடம். பொய்யா எழுதுவேன்?"

"நான் அப்படிச் சொல்லல." ஆனால் முகம் சொன்னது. அப்புறம் மெதுவாக, "வெள்ளிக்கிழமை ஓடலன்னா இந்த மாசத்தோட மூட வேண்டியதுதான். அப்பாகிட்ட மறுபடி தவணை கேக்க எனக்கு வாய் வராது" என்றாள்.

மூடினால் அவள் பழைய கம்பெனிக்குப் போவாள். ஜெஃப்ரி எங்கேயாவது படம் வரைவான். நான் மறுபடி ரங்கநாதன் தெருவில் போய் நிற்க வேண்டும், இந்தக் காலை வைத்துக்கொண்டு.

புதன்கிழமை காலை என்னை மட்டும் உட்காரவைத்தார்கள். நான் தொடக்கூடாது, பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஊர் ஆரம்பித்தது. இனாயத் அறுத்தார். அறுத்த நெல்லை வயலிலேயே குவித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார். மழை மேகம் வந்தது.

"அக்கா, கைய எடு" என்றான் ஜெஃப்ரி.

என் கை மவுஸ் மேல் இருந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேகம் பெரிதானது. நெல் அங்கேயே கிடந்தது.

"அக்கா! மறுபடியும் பாரு."

மறுபடியும் மவுஸ் மேல்தான். ஜெஃப்ரி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை எங்கே போகப் பார்த்தது என்று நான் பார்த்துவிட்டேன். ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோசைப் பிடித்து, 'இந்த மூட்டையைக் களஞ்சியத்தில் வை' என்று சொல்லப் போனது. மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

சுமப்பது அந்த ஊரில் யாருடைய தொழிலும் இல்லை. வேலையில்லாமல் இருப்பவர் எடுத்துவைப்பார் என்று வைதேகி எழுதிவைத்திருந்தாள். வேலையில்லாமல் யார் இருக்கிறார்கள்? எல்லாருக்கும்தான் மார்க் பார்த்துத் தொழில் கொடுத்தாயிற்றே. விவசாயி அறுத்துக்கொண்டே இருப்பார், சமையல்காரி வெறும் அடுப்பில் காத்துக்கொண்டே இருப்பாள், நடுவில் நெல் நனைந்து அழுகும். விவசாயிகளைக் கூட்டினால் குவியல்தான் கூடும். நான் விளையாடும்போது குவியலைப் பார்த்ததும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஆள் அனுப்பினேன். அதை ஒரு வேலை என்றே நினைக்காததால் ரிப்போர்ட்டில் எழுதவும் இல்லை.

டீ வாங்கி வருகிறேன் என்று ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கோளாறு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மூன்று மாதமாக அந்தக் கோளாறை நானே மூடி மறைத்திருக்கிறேன். இதைப் போய்ச் சொன்னால் யார் என்னை வைத்துக்கொள்வார்கள்?

சொல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு புத்தி சொன்னது. வெள்ளிக்கிழமை ஜெயராமுக்குத் திரை மட்டும்தான் தெரியும். மேசைக்கு அடியில் மவுஸை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு மூட்டைகளை எடுத்துவைத்தால் ஊர் பிழைக்கும். யாருக்குத் தெரியப் போகிறது? நல்ல யோசனையாகத்தான் இருந்தது, கண்காட்சியை நினைக்கும் வரைக்கும். அங்கே ஸ்டாலில் நான் இருக்கமாட்டேன். ஆயிரம் பேர் பார்க்க ருக்சார் அடுப்படியில் விழுவாள். டீ வாங்காமலேயே மேலே ஏறினேன்.

"மேடம், தப்பு எம்மேலதான்" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது. வைதேகி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நான் விளையாடிய பழைய ஆட்டங்களின் கணக்கு கம்ப்யூட்டரில் இருந்ததாம். அதைத் திறந்து பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கீழேயிருந்து அவள் அம்மா, "வைதேகி, ஆத்துல சாதம் ஆறிண்டிருக்கு" என்று கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை.

"திங்கக்கிழமை நாலாயிரத்து இருநூறு கிளிக்" என்றாள் கடைசியில். "அதுல மூவாயிரம் மூட்டை எடுத்துவைக்கறதுதான். பொன்மணி, மூணு மாசமா என் ஊரை நீங்கதான் தூக்கிண்டு இருந்திருக்கீங்க." அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாள். "அப்பாடா! எலியே இல்ல!"

என்னைத் திட்டவில்லை. அது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். எப்படிச் சரி செய்வது என்பதில் சண்டை வந்தது. சண்டை போட்டது நான்தான்.

"எட்டாவதா ஒரு திறமை வைங்க மேடம். எடுத்துவைக்கறது. அதுக்கும் இருபதுக்கு மார்க்."

"அது திறமை இல்லையே பொன்மணி. யார் வேணா செய்யலாம். அதனாலதான் அதுக்கு மார்க் வைக்கல. எல்லாரும் தினமும் அரை மணி நேரம் தூக்கணும்னு போட்டுடறேன்."

எனக்கு சுர்ரென்று ஏறியது. "யார் வேணா செய்யலாமா? கடைல நான் மொதோ நாலு வருசம் மடிக்கற பொண்ணு. பொடவைய எடுத்துக் காட்டறவளுக்குப் பேரு சேல்ஸ். பில்லு போடறவனுக்குப் பேரு கேஷியர். எங்களுக்குப் பேரே கெடையாது, 'ஏய் மடி'தான். ஜெஃப்ரி அம்மா ஒருத்தருக்கே நாப்பது பொடவ பிரிச்சிப் போட்டோம். ஒரு நாளு மடிக்கற பொண்ணு லீவு போட்டா பதினோரு மணிக்கெல்லாம் கவுண்டர் அடைச்சிக்கினு நிக்கும். எது எந்தத் தட்டுல, எத மொதல்ல எடுக்கணும், எது கசங்கும், இது தெரியாதவ மடிச்சா மறுநாளு பூரா தேடிக்கினுதான் இருக்கணும். இன்னா கெட்டுப்போச்சி, ஒரு மார்க்கு குடுத்தா?"

ஜெஃப்ரி, "எங்கம்மாவ ஏன்க்கா இழுக்கற" என்றான் மெல்ல.

வைதேகி என்னையே பார்த்தாள். பிறகு வாதத்தை எண்ணில் முடித்துக்கொள்வோம் என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். எல்லாரும் அரை மணி நேரம் தூக்கிய ஊர் ஏழாவது மாதம் செத்தது. டாக்டர் மூட்டை தூக்கப் போன நேரம் பார்த்துக் காய்ச்சல் பரவிவிட்டது. எட்டாவது திறமைக்குக் குத்துமதிப்பாக மார்க் போட்டு ஓட்டிய ஊர் சாயங்காலம் வரைக்கும் சாகவே இல்லை.

"சரி" என்றாள். "யாருக்கு எவ்வளவு மார்க்? நீங்களே சொல்லுங்க."

"ஆம்ப்ரோசுக்குப் பதினெட்டு" என்றேன். யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஜெஃப்ரி அவருக்குத் தலையில் ஒரு சும்மாடு வரைந்தான், சிவப்புத் துண்டைச் சுருட்டி வைத்தது. தூண்டிலை எடுத்துவிட்டான். மீன்பிடி நான்கு, எடுத்துவைப்பது பதினெட்டு. தாய்மாமன் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெம்பு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜெயராம் திரையில் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்டாத ஆள். ஊரை ஓடவிட்டு மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டோம்.

மூன்றாவது மாதம் தாண்டியது. ருக்சார் சமைத்தாள். இனாயத் அறுக்க அறுக்க ஆம்ப்ரோஸ் ஓடி ஓடி எடுத்துவைத்தார். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது மாதம் ஆம்ப்ரோசுக்குக் காய்ச்சல் வந்தது.

கிச்சா அவரைப் படுக்கவைத்தார். வயலில் குவியல் ஏறியது. களஞ்சியத்தில் நாற்பது மூட்டை, முப்பது, பன்னிரண்டு. மேகம் கூடியது. என் வலது கை தானாக எழுந்தது. மவுஸ் இல்லாவிட்டாலும் எழுந்தது. வைதேகி மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். ஜெயராம் எதையோ குறித்துக்கொண்டார். பன்னிரண்டு நான்காயிற்று.

அப்போது ஆற்றில் ஒரு படகு வந்தது. ஒரு பெண் இறங்கினாள். பெயர் ஷண்முகப்ரியா; கம்ப்யூட்டர் தானாக வைத்த பெயர், தானாகப் போட்ட மார்க். நெசவு ஒன்பது, சமையல் ஆறு, வைத்தியம் இரண்டு. கடைசிக் கட்டம் வர அரை விநாடி ஆனது. எடுத்துவைப்பது: பன்னிரண்டு.

அவள் தன் துணிமூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. நேரே வயலுக்குப் போய் முதல் நெல் மூட்டையைத் தூக்கினாள். ஜெஃப்ரி "மாதாவே!" என்று கத்திவிட்டான். எனக்கு மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது; எட்டாவது மாதத்திலிருந்து உள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

வருஷம் முடிந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. ஜெயராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாருக்கு. ஸ்டாலுக்கு இதையே அனுப்புங்க. தலையில துண்டு கட்டின அந்த ஆளை போஸ்டர்ல முன்னாடி போடுங்க. காய்ச்சல் சரியாச்சா அவருக்கு?"

"ஆயிடுச்சு சார்" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில்.

திரை அணைந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. வைதேகி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெஃப்ரி அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டான். நான் தணிகாசலத்துக்கு, 'ஆபீஸ் மூடல' என்று மட்டும் அனுப்பினேன். 'தெரியும்' என்று பதில் வந்தது. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்!

எல்லாருக்கும் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் கேன் காலி. மூலையில் புதுக் கேன் இருந்தது. வழக்கம்போல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். எழும்போதே கால் நரம்பு இழுத்தது, முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

"உட்காருங்க" என்றாள் வைதேகி. "மூணு மாசமா இதையும் நீங்கதானே மாத்திண்டு இருக்கீங்க? அந்தக் காலோட? நான் பார்க்கவே இல்லையே."

துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கேனைக் கட்டிப் பிடித்தாள். முழங்கால் வரைக்கும்தான் வந்தது. ஜெஃப்ரி அடியில் கை கொடுத்தான். இரண்டு பேருமாக அதை மேலே ஏற்றிக் கவிழ்ப்பதற்குள் பாதித் தண்ணீர் அவள் மேல், மீதிப் பாதியில் பாதி தரையில். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டேன்.

"இருபதுக்கு மூணு, மேடம்" என்றேன். "பழகப் பழக ஏறும்."